முஸ்லிம் சிறுபான்மைக் கல்விச் சங்கம் தொடங்கப் போகிறீர்களா? பைலா எழுதும் முன் படியுங்கள்

ஊரில் நாலு பேர் சேர்ந்து பிள்ளைகள் படிப்புக்கு ஒரு சங்கம் வைக்கலாம் என்று முடிவு செய்தாயிற்று. பணம் போட ஆளும் இருக்கிறது. ஆனால் எந்த அலுவலகத்தில் முதலில் போய் நிற்பது, எந்தக் காகிதத்தை முதலில் எழுதுவது என்று சொல்ல ஆளில்லை. எங்கள் சங்கமும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் "இது இல்லை, அது இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் பதிவு முறை மாறும். மத்திய அரசு தொடர்பான பகுதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுபான்மைத் தகுதி என்பது பள்ளி கட்டி முடித்த பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளும் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சான்றிதழ் பிற்பாடு வருவது உண்மைதான். ஆனால் அதைக் கொடுப்பவர்கள் புரட்டிப் பார்ப்பது நீங்கள் முதல் மாதத்தில் எழுதிய பைலாவையும் (சங்கத்தின் நோக்கங்களும் விதிகளும்) தீர்மானப் புத்தகத்தையும். வருமான வரித்துறையும் அதே பைலாவைத்தான் பார்க்கும், வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு.

1. சங்கமா, டிரஸ்டா, வக்ஃபா?

மூன்றுக்கும் வேறு வேறு சட்டம்.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு, தேர்தல், ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதோடு முடிந்துவிடும். தேர்தல் தொல்லை இல்லை. ஆனால் நிறுவியவர் குடும்பத்தின் கையிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. பலரிடம் நன்கொடை வாங்கி நடத்துவது என்றால் சங்கம்தான் சரி என்பது என் கருத்து. ஒரே குடும்பம் தன் சொத்தைப் போட்டு நடத்தினால் டிரஸ்ட் போதும்.

வக்ஃப், அதாவது சொத்தை இறைவன் பெயரால் நிரந்தரமாக அர்ப்பணிப்பது, அந்த விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். யாராவது பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு "இந்த இடத்தை வக்ஃப் செய்துவிடுகிறேன்" என்று சொன்னால், அன்றைக்கே பத்திரம் எழுத ஓடாதீர்கள். வக்ஃப் செய்த சொத்தைத் திரும்பப் பெற முடியாது, விற்க முடியாது, அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கவும் முடியாது. நிர்வாகம் வக்ஃப் வாரியத்தின் மேற்பார்வைக்குள் போய்விடும். நாளைக்குக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப நினைக்கும் சங்கத்துக்கு, அந்த இடம் சங்கத்தின் பெயரில் தானப் பத்திரமாக வருவதே நல்லது. ஏற்கெனவே வக்ஃபாக இருக்கும் பள்ளிவாசல் நிலத்தில் பள்ளி தொடங்க நினைத்தால், முத்தவல்லி (வக்ஃப் நிர்வாகி) வாய்வார்த்தையாகச் சம்மதித்தது போதாது. பல வருடக் குத்தகைக்கு வாரியத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அது இல்லாமல் சுவர் எழுப்பினால் பள்ளி அங்கீகாரம் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஜமாஅத்தையும் கல்விச் சங்கத்தையும் ஒன்றாக்க வேண்டாம். தலைவர் இரண்டிலும் ஒருவராகவே இருக்கட்டும், தப்பில்லை. கணக்கும் ரசீது புத்தகமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

2. ஏழு பேர்

ஏழு பேர் என்றவுடன் அண்ணன், தம்பி, மச்சான், மாமா என்று ஒரே வீட்டில் முடித்துவிடுகிறார்கள். சட்டம் தடுக்காது. ஆனால் வரித்துறை அதிகாரி இதைக் கவனிப்பார், நன்கொடையாளரும் கவனிப்பார். ஒரு ஆசிரியர், ஒரு வியாபாரி, ஒரு வக்கீல் அல்லது கணக்குத் தெரிந்தவர், இரண்டு பெண்களாவது, இப்படிப் பாருங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவரை ஆரம்பத்தில் போட வேண்டாம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவர் லீவில் வரும்வரை காத்திருக்க முடியாது.

அப்புறம் பெயர். நம் பிள்ளைகளுக்கு ஆதாரில் ஒரு எழுத்து, பான் அட்டையில் ஒரு எழுத்து, வாக்காளர் அட்டையில் வேறொன்று. முகமது, முஹம்மது, மொஹமத் என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் ஒரே ஆளின் ஆவணங்களில் இருக்கும். ஓர் அட்டையில் தகப்பனார் பெயர் முன்னால் இனிஷியலாக நிற்கும், இன்னொன்றில் பின்னால் முழுப் பெயராக நீண்டுவிடும். பதிவுக்குப் போகும் முன் ஏழு பேரின் ஆதாரையும் பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்துங்கள். இல்லையென்றால் இதே பிரச்சினை வங்கியில் ஒரு தடவை, வரித்துறை இணையதளத்தில் ஒரு தடவை என்று வந்துகொண்டே இருக்கும்.

3. பைலா: அவசரப்படக் கூடாத இடம்

டைப்பிங் சென்டரில் "கல்விச் சங்கம் பைலா" என்று கேட்டால் ஒரு மாதிரி கொடுப்பார்கள். பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிதான் பாய்" என்பார்கள். அதை வாங்கிவிடாதீர்கள்.

சிக்கல் இங்கேதான். அரசியலமைப்பின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கோர வேண்டுமானால் சங்கத்தை நிறுவியவர்கள் முஸ்லிம்கள் என்பதும், சமூகத்தின் கல்வி நலன் முதன்மை நோக்கம் என்பதும் ஆவணத்தில் தெரிய வேண்டும். ஆனால் வருமான வரிச் சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. அறப்பணி அமைப்பு ஒரு குறிப்பிட்ட மதத்தவரின் நன்மைக்காக மட்டும் ஏற்படுத்தப்பட்டிருந்தால் வருமான விலக்கு கிடையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு இது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி-யிலும் இதே நிபந்தனை உண்டு.

"முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டும்" என்று எழுதினால் வரிவிலக்கு போய்விடும். முஸ்லிம் என்ற சொல்லே இல்லாமல் பொதுவாக எழுதினால் பின்னால் சிறுபான்மைத் தகுதி கேட்க ஆதாரம் இருக்காது. ஊர் ஊராகச் சங்கங்கள் இந்த இரண்டில் ஒன்றில் விழுகின்றன.

யார் நிறுவுகிறார்கள் என்பதை முன்னுரையில் தெளிவாக வையுங்கள். யாருக்குப் பயன் என்பதை நோக்கங்கள் பகுதியில் விரிவாக வையுங்கள். எங்கள் பைலாவில் உள்ள வாசகத்தின் சாரம் இது:

"இச்சங்கம் தமிழ்நாட்டின் முஸ்லிம் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களால், அரசியலமைப்பின் 30(1) பிரிவு வழங்கும் உரிமையின்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்க அமைக்கப்படுகிறது. அச்சமூகத்தின் கல்வி முன்னேற்றத்தில் முதன்மைக் கவனம் செலுத்தும். கல்வியில் பின்தங்கியோர், பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட அனைவருக்கும் சாதி, மத வேறுபாடின்றிச் சங்கத்தின் நிறுவனங்களும் உதவிகளும் திறந்திருக்கும்."

பின்தங்கியோர், பெண்கள், குழந்தைகள் என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இவர்களுக்காகச் செய்யும் பணியை மதம் சார்ந்த பயன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த வரிச் சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. ஆனாலும் இந்த வாசகத்தை அப்படியே நகல் எடுக்காமல் ஒரு வக்கீலிடமும் ஒரு ஆடிட்டரிடமும் காட்டுங்கள். இரண்டு பேரிடமும் காட்ட வேண்டும். வக்கீல் 30-ஆம் பிரிவைப் பார்ப்பார், ஆடிட்டர் 13-ஆம் பிரிவைப் பார்ப்பார். ஒருவர் சேர்க்கச் சொல்வதை மற்றவர் எடுக்கச் சொன்னால் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசுங்கள். அதற்கு ஆகும் செலவுதான் இந்த முழு வேலையிலும் உருப்படியான செலவு.

மதரஸா, பள்ளிவாசல் பராமரிப்பு, ஜனாஸா உதவி எல்லாவற்றையும் இதே பைலாவில் நுழைக்கச் சிலர் வற்புறுத்துவார்கள். மறுத்துவிடுங்கள். அவை ஜமாஅத்தின் வேலையாகவே இருக்கட்டும். 80ஜி பெற்ற அமைப்பு மதப் பணிக்குச் செலவிடுவது ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பைலாவில் தவறாமல் இருக்க வேண்டிய மற்றவை:

செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. மீண்டும் தேர்வாகலாம். "ஆயுள் தலைவர்" என்று எழுதினால் பதிவாளர் அலுவலகம் திருப்பி அனுப்பும்.

பொதுக்குழுவிலும் செயற்குழுவிலும் பெரும்பான்மை முஸ்லிம்களாக இருப்பார்கள் என்று ஒரு விதி. பின்னாளில் சான்று கேட்கும்போது உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பார்கள்.

சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாது, இதே நோக்கமுள்ள, வரிவிலக்குப் பெற்ற வேறு அமைப்புக்குப் போகும் என்ற விதி. இது இல்லாமல் வரித்துறை அசையாது.

நோக்கங்களில் மழலையர் பள்ளி முதல் கல்லூரி வரை, விடுதி, நூலகம், உதவித்தொகை, தொழிற்பயிற்சி, போட்டித் தேர்வுப் பயிற்சி என்று இருபது வருடத்துக்கு யோசித்து எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்க வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம், நான்கில் மூன்று பங்கு வாக்கு, பதிவாளரிடம் தாக்கல், அதன்பின் 30 நாளுக்குள் வரித்துறையிடம் மறுபதிவு விண்ணப்பம் என்று வேலை நீளும்.

4. பதிவு

மாவட்டப் பதிவாளர் அலுவலகம். விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியாகப் போகும். படிவம் 1, சங்க அமைப்புக் குறிப்பு, பைலா, ஏழு பேரின் அடையாள, முகவரிச் சான்றுகள், புகைப்படம், சங்க அலுவலகத்துக்கான இடத்தின் வரி ரசீது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். அலுவலகம் யாருடைய வீட்டு மாடியாக இருந்தாலும் பரவாயில்லை. அடிக்கடி மாறாத முகவரியாக இருந்தால் போதும்.

பெயர் வைப்பதில் கவனம். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரை ஒத்திருந்தால் தள்ளுபடி. "இந்திய", "தேசிய", "அரசு" போன்ற சொற்கள் இருந்தால் கேள்வி வரும். மாற்றுப் பெயர்கள் இரண்டை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

அரசுக் கட்டணம் பெரிய தொகை அல்ல. அன்றைய விகிதம் இணையதளத்திலேயே இருக்கும். இடைத்தரகர் கேட்பது அதைப் போலப் பல மடங்கு. ஆவணம் சரியாக இருந்தால் இடைத்தரகர் தேவையே இல்லை. குறை சொல்லித் திருப்பினால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதிக் குறைகள் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். சில வாரங்கள் முதல் இரண்டு மாதம்வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. தீர்மானப் புத்தகம்

பதிவுக்கு முன்பே தொடங்க வேண்டியது இது. தனித் தலைப்புப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு நிறுவனத்தைச் சிறுபான்மையினர்தான் நிறுவினார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் அளவுகோல் தந்தார்கள். எண்ணம் யாருடையது, பணம் யார் திரட்டியது, நிலம் எப்படி வந்தது, அனுமதிக்கு யார் அலைந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதற்குப் பழைய கடிதங்கள், தீர்மானங்கள், பேச்சுகள்கூட ஆதாரமாகும்.

அதனால் உங்கள் முதல் கூட்டத்திலிருந்தே பக்க எண் போட்ட கட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, வந்தவர் கையெழுத்து, "நம் சமூகப் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நிற்பதால் சங்கம் தொடங்க முடிவு" என்பது போலக் காரணம், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்ற விவரம், எல்லாம் இருக்கட்டும். தனித் தாளில் எழுதிப் பின்னால் ஒட்டுவது வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.

6. பான், வங்கி, தர்பன்

பதிவுச் சான்று கையில் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எடுங்கள். நூறு ரூபாய்ச் சொச்சம்தான். சான்றில் உள்ள எழுத்து அப்படியே பானில் வர வேண்டும், ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. பிறகு வங்கிக் கணக்கு: தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கட்டாயம். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் இணையதளத்தில் பதிவது இலவசம். அரசு நிதியோ பிற உதவியோ கேட்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

7. வரிவிலக்கு: 12ஏபி, 80ஜி

புதிய சங்கத்துக்கு முதலில் தற்காலிகப் பதிவு. படிவம் 10ஏ, இணையத்தில் மட்டும், அரசுக் கட்டணம் இல்லை. இது மூன்று ஆண்டுக்குச் செல்லும். 12ஏபி (சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்குச் சலுகை) இரண்டையும் ஒரே சமயத்தில் போடுங்கள்.

பலர் இதை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதை வழக்கமான பதிவாக மாற்ற 10ஏபி படிவம் போட வேண்டும். பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன், எது முந்தியோ அது. இந்த "எது முந்தியோ" என்பதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் டியூஷன் வகுப்பு தொடங்கிய அன்றே ஆறு மாதக் கணக்கு ஓட ஆரம்பித்திருக்கும்.

10ஏபி-க்கு அதிகாரி விவரமாகக் கேட்பார்: என்ன செய்தீர்கள், புகைப்படம், பில், வங்கி அறிக்கை, நன்கொடையாளர் பட்டியல், பயனாளிகள் பட்டியல். பயனாளிகள் பட்டியலில் எல்லாச் சமூகப் பிள்ளைகளும் இருந்தால் 13(1)(பி) கேள்விக்கு அதுவே பதில். எங்கள் மாலை வகுப்பில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து படித்ததால் அந்த இடத்தில் சிக்கல் வரவில்லை. அரை வருடம்வரை இழுக்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண், படிவ எண் எல்லாம் வேறு. நான் சொல்வது பழைய எண்கள். ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பணம் வாங்குவது

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு 80ஜி சலுகை கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மார்ச் மாதத்தில் சண்டை வரும். நீங்கள் செலவு செய்யும்போதும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அந்தச் செலவைக் கணக்கில் ஏற்க மாட்டார்கள்.

ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு ஏந்தி வசூலிப்பது நம் வழக்கம். ஜமாஅத்துக்கு அது சரி. கல்விச் சங்கத்துக்கு அது பெயர் தெரியாத நன்கொடை. அப்படி வரும் தொகை ஆண்டுக்கு 1 லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீதம் வரி. எனவே சிறு தொகைக்கும் பெயர், முகவரியோடு ரசீது போடுங்கள். 80ஜி ரசீது என்றால் பான் எண்ணும் வாங்குங்கள்.

ஜகாத்துக்குத் தனி ரசீது புத்தகம், தனி வங்கிக் கணக்கு. கட்டடத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஜகாத்தைப் பயன்படுத்தலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தகுதியுள்ள ஏழை மாணவர் கையில் உதவித்தொகையாகப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் எழுத்தில் கருத்து வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள். ரமலானில் வந்த தொகையைச் சிமெண்டுக்கு எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த ரமலானில் யாரும் தர மாட்டார்கள். வங்கி வட்டியை என்ன செய்வது என்பதையும் அதே கையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் அதை மறைக்க முடியாது, வரவில் காட்டியே ஆக வேண்டும்.

வெளிநாட்டுப் பணம். துபாயில், ரியாத்தில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர், அவர் இதே தெருவில் பிறந்தவராக இருந்தாலும், அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை இருந்தாலும் அதே கதை. அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்குச் சங்கத்துக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்ட கணக்கும் வேண்டும். பிறகும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பணம் இறங்கும். பதிவு இல்லாமல் ஆயிரம் ரூபாய்கூட வாங்காதீர்கள். "என் தம்பி கணக்குக்கு அனுப்பி, அவன் உங்களுக்குத் தரட்டும்" என்ற யோசனைக்கும் தலையாட்டாதீர்கள்.

9. முதல் மூன்று ஆண்டு

உடனே பள்ளி தொடங்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: பொறுங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-இல் என்று நம்மிடம் பெரிய பெயர்கள் உண்டு. அவற்றின் பின்னால் இருந்த வணிகர்களின் பலம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலைப் பயிற்சி, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவித்தொகை, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்று வாங்கித் தருவது, உதவித்தொகை விண்ணப்பம் போட்டுத் தருவது, டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கல்விக் கடனுக்கு வழிகாட்டுவது, இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பொறுமையான ஒரு பிள்ளை போதும். தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் சான்றிதழைக் கலந்தாய்வு வாரத்தில் தேடுகிற குடும்பங்கள்தான் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அதுவே பெரிய வேலை. இந்தப் பணிகளின் பதிவேடுதான் 10ஏபி-க்கும் எஃப்சிஆர்ஏ-வுக்கும் ஆதாரம்.

10. பள்ளிக்கு இறங்கும்போது

நிலம்தான் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக்குப் பல காலமாகச் சொல்லப்படும் அளவு: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். கிராமத்தில் நிலம் மலிவு என்று போனால் 3 ஏக்கர் கேட்பார்கள் என்பதை மறக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடப்பு விதியை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சங்கத்தின் பெயருக்குத் தடையில்லாமல் வருமா என்று பாருங்கள். விவசாய நிலம் என்றால் நில வகைப்பாடு மாற்றம் தனி வேலை.

கட்டடத்துக்கு நான்கு சான்று: பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரிடம் கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு இவற்றில் தளர்வு கிடையாது, கேட்கவும் கூடாது. இவை காலாவதியாகும் சான்றுகள். ஒன்று முடியும்போது இன்னொன்று இழுபறியில் நின்றுவிட்டால் அங்கீகாரப் புதுப்பிப்பும் நிற்கும். முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். சிறுபான்மைப் பள்ளி என்பதால் இவற்றிலிருந்து எந்த விலக்கும் இல்லை.

விலக்கு இருப்பது வேறு இடத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யலாமா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு சிறுபான்மைப் பள்ளிக்குக் கட்டாயமா என்பதும் அதோடு சேர்ந்து நிற்கிறது. எதற்கும் தகுதித் தேர்வு எழுதியவர்களையே வேலைக்கு எடுங்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் பாதகமில்லை.

கட்டடத்துக்குப் பணம் இருந்தால் பள்ளி நடத்திவிடலாம் என்பது பெரிய ஏமாற்றம். இரண்டு வருட ஆசிரியர் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் முதல் சேர்க்கையை அறிவிக்காதீர்கள். புதுப் பள்ளியில் முதல் வருடம் வகுப்பு நிறையாது.

11. சிறுபான்மைத் தகுதிச் சான்று

இது சங்கத்துக்குக் கிடைப்பதில்லை. சங்கம் நடத்தும் ஒவ்வொரு பள்ளிக்கும் கல்லூரிக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. புதிதாக வருபவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டெல்லியில் உள்ள தேசியச் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் ஆணையம், 2004 சட்டத்தின்கீழ், இந்தச் சான்றைத் தருகிறது. பதிவுச் சான்று, பைலா, உறுப்பினர் பட்டியல், நிறுவனத்தின் அங்கீகார ஆணை, தணிக்கை செய்த கணக்கு, உறுதிமொழிப் பத்திரம் இவற்றைத் தயாராக வையுங்கள். விண்ணப்பத்துக்குச் சற்று முன்புதான் பைலாவில் "முஸ்லிம் சிறுபான்மை" என்று சேர்த்திருந்தால் கேள்வி வரும். மூன்றாவது படியில் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

புதிய நிறுவனம் தொடங்க மாநில அதிகாரியிடம் தடையின்மைச் சான்று கேட்கும்போது, அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. 90 நாளுக்குள் பதில் தராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும். ஆனால் நீங்கள் கொடுத்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் தேதி முத்திரையோடு நகல், தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டை. "வச்சுட்டுப் போங்க பாய், பார்த்துக்கலாம்" என்றால் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

12. வருடா வருடம்

கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடியும். மே 31-க்குள் நன்கொடை அறிக்கை, படிவம் 10பிடி. அது போடாவிட்டால் நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்காது. செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கை, அதே தேதிக்குள் ஆண்டுப் பொதுக்குழு. அக்டோபர் 31-க்குள் வருமான வரிக் கணக்கு, படிவம் 7. எஃப்சிஆர்ஏ இருந்தால் டிசம்பர் 31-க்குள் அதன் கணக்கு. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே செலவிட வேண்டும், கட்டட நிதிக்குச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனிப் படிவம் உண்டு. பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்யுங்கள். நிர்வாகிகள் மாறினால் சங்கப் பதிவுச் சட்டத்தின் படிவம் 7 தனி, வரிக் கணக்குப் படிவம் 7 தனி, இரண்டையும் குழப்ப வேண்டாம். பல வருடம் தாக்கல் செய்யாத சங்கம், புதுக் கட்டடத்துக்கு வங்கிக் கடன் கேட்கும் நாளில்தான் அபராதத்தோடு எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டி வரும்.

நிர்வாகம் மாறும்போது சாவியும் முத்திரையும் கொடுத்தால் மட்டும் போதாது. வரித்துறை இணையதளக் கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்பம், ஓடிபி வரும் மொபைல் எண், சங்கத்தின் மின்னஞ்சல், இவை நான்கும் பட்டியலிட்டுக் கைமாற வேண்டும். மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் சங்கத்தின் பெயரிலேயே முதல் நாளிலிருந்து இருக்கட்டும். செயலாளரின் மகன் பெயரில் சிம் எடுத்து, அவர் கத்தாருக்குப் போன பிறகு ஓடிபி அங்கே போய்க்கொண்டிருக்கும் சங்கங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.